ஏலியன் பெட்டி: 219 வெள்ளிக்கு என்ன கேட்கிறது?

பெட்டியின் மேல் பெரிய கண் வைத்த பச்சைத் தலை. அதற்குக் கீழே, வேற்றுக்கிரகவாசிகளை வீட்டிலிருந்தே தேடலாம் என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் கொட்டை எழுத்து. உள்ளே இருப்பதோ வானத்து ரேடியோ அலைகளைக் கேட்கும் கருவி, அந்தப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு நல்ல சாமான். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: ஹைட்ரஜனைக் கேட்க ஆசையென்றால் வாங்குங்கள், ஏலியனைக் கேட்க ஆசையென்றால் வேண்டாம். விவரமான பதில் கீழே.

நான் சிங்கப்பூரில், ஜூரோங் பக்கத்துக் கப்பல் பட்டறைகளில் ரேடாரும் ரேடியோவும் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். பேரன் பிறந்தநாளுக்கென்று இணையத்தில் 219 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். பேரன் பேரைச் சொல்லி எனக்கே வாங்கிக்கொண்டேன் என்பது என் மனைவியின் கட்சி. அதை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே சாமான் வேறு வேறு பெயர் ஒட்டிப் பல இடங்களில் விற்கிறது.

பெட்டிக்குள் கணினியில் செருகும் ரேடியோ ரிசீவரான ஒரு யூஎஸ்பி டாங்கிள், ஃபில்டரோடு சேர்ந்த சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று, 3 மீட்டர் கேபிள், ஒரு மீட்டர் அகலமும் 60 செ.மீ. உயரமும் உள்ள கம்பிவலை டிஷ், மென்பொருளுக்கான இணைப்பு முகவரி, வழவழத் தாளில் ஒரு கையேடு. டிஷ் தரமானது. துருப்பிடிக்காத பூச்சு, திருகுகள் எல்லாம் சரியாக உட்காருகின்றன. உண்மையில் இது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குச் செய்த டிஷ். நமக்கு வேண்டிய அலை அதைவிட நீளம். ஆனாலும் ஓரளவு எடுத்துக்கொள்கிறது. அதை வாகன நிறுத்துமிடத்து மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனபோது, லிஃப்டில் கூட வந்த மலாய்க்கார அங்கிள் எங்கே பார்பிக்யூ என்று கேட்டார். பார்த்தால் அப்படித்தான் இருக்கும், கோழி சுடுகிற கம்பி மாதிரி.

டாங்கிளின் உயிர் ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யூ என்கிற சில்லு. டிஜிட்டல் தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்தது. அதற்கு வரும் அலையைத் தொலைக்காட்சியாக மாற்றாமல் அப்படியே கணினிக்குள் தள்ளவும் முடியும் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அதோடு அதன் ஜாதகமே மாறிவிட்டது. ஏறத்தாழ 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700 வரை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். விமானம், கப்பல், வானிலைச் செயற்கைக்கோள், எல்லாம். என் காலத்தில் இதைச் செய்ய ஒரு அலமாரி நிறைய கருவி வேண்டும். இப்போது கட்டைவிரல் அளவு. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்தச் சாமான்மேல் மரியாதை உண்டு.

இனி ஹைட்ரஜன். பிரபஞ்சத்தில் மிக அதிகமாக இருக்கும் தனிமம் அதுதான். ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான். இரண்டுக்கும் தற்சுழற்சி உண்டு. இரண்டும் ஒரே பக்கம் பார்த்திருந்த நிலையிலிருந்து எலெக்ட்ரான் புரண்டுகொண்டால் துளியூண்டு ஆற்றல் வெளிவரும். அது 21 செ.மீ. அலைநீளம் உள்ள ரேடியோ அலை, 1420.4 மெகாஹெர்ட்ஸ். தனியாக விடப்பட்ட ஒரு அணு இப்படிப் புரள சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு சோம்பேறி அணு. ஆனால் பால்வீதியில் இருக்கும் அணுக்களுக்குக் கணக்கே இல்லை என்பதால் இந்த அலை இரவு பகலாக வந்துகொண்டே இருக்கிறது. வான் டி ஹுல்ஸ்ட் என்ற டச்சு மாணவர் 1944இல் இப்படி ஒன்று வரவேண்டுமே என்று கணக்குப் போட்டார். 1951இல் ஹார்வர்டில் யூவென், பர்செல் இருவரும் ஒட்டுப்பலகையில் தாமிரத் தகடு அடித்துக் கூம்பு செய்து, அதை ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அந்த அலையைப் பிடித்தார்கள். மழை பெய்தால் அந்தக் கூம்பு வழியாகத் தண்ணீர் அறைக்குள் வருமாம். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜன்னலுக்கு வெளியே எதையும் நீட்டாதீர்கள். கீழே போகிறவர் தலையில் விழுந்தால் வானியல் எல்லாம் காப்பாற்றாது. வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளம் போதும். இரவில் அங்கே கார் அவ்வளவாக நிற்காது, வானமும் முழுசாகத் தெரியும்.

சிங்கப்பூரில் தொலைநோக்கி வாங்கியவர்களுக்குத் தெரியும், வாங்கியதிலிருந்து மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேகம் விலகினால் தெருவிளக்கு. ரேடியோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 21 செ.மீ. அலைக்கு மேகமும் ஒன்றுதான், புகைமூட்டமும் ஒன்றுதான். அதோடு நாம் பூமத்திய ரேகைக்கு ஒட்டி, 1.3 பாகை வடக்கில் இருக்கிறோம். வடக்கு வானம் தெற்கு வானம் இரண்டும் நமக்கு உண்டு. பால்வீதியின் மையம் ஆகஸ்ட் மாதத்தில் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே 60 பாகை உயரத்தில் நிற்கும். ஐரோப்பாக்காரர்களுக்கு அது அடிவானத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அது வேறு யாருக்கோ எழுதியது.

கையேட்டில் சொன்னபடி இணைத்தால் ஒன்றும் கேட்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஆம்ப்ளிஃபயரைக் கணினிப் பக்கம், டாங்கிளுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் படம் போட்டிருக்கிறார்கள். கேபிளோ பேனா ரீஃபில் தடிமன் கூட இல்லாத மெல்லிய ரகம். இந்த அதிர்வெண்ணில் அப்படிப்பட்ட கேபிளில் 3 மீட்டர் போனால் சிக்னலில் பாதிக்கு மேல் வழியிலேயே செத்துவிடும். மிச்சத்தைப் பெருக்கி என்ன பயன்? ஆம்ப் டிஷ்ஷை ஒட்டியே இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய மின்சாரத்தை டாங்கிளே கேபிள் வழியாக அனுப்பும், மென்பொருளில் ஒரு இடத்தில் டிக் போட்டால் சரி. நான் மின்னணுச் சாமான் கடைகள் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போய்த் தடித்த கேபிளும் இரண்டு கனெக்டரும் வாங்கி மாற்றினேன். முப்பது வெள்ளிக்குள் முடிந்தது. விற்பவர் இதைப் பெட்டிக்குள்ளேயே போட்டிருக்கலாம்.

மாற்றியபின் கிடைத்ததுதான் இந்தப் பெட்டியின் உண்மையான சரக்கு. முதலில் டிஷ்ஷைப் பால்வீதி இல்லாத பக்கம் திருப்பி, சில நிமிடம் சராசரி எடுத்து, அதை ஒப்பிடுவதற்கான அடிப்படைக் கோடாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பால்வீதிப் பக்கம் திருப்ப வேண்டும். திரையில் முதல் நிமிடம் புல் முளைத்த தரை போல ஒரே இரைச்சல்தான். இரைச்சல் மெல்ல அடங்க, 1420.4க்குப் பக்கத்தில் ஒரு மேடு எழும்புகிறது. சட்டென்று ஒரு முள் போல எழாது. அகலமாக, சோம்பலாக, தோள்பட்டை வைத்து எழும். திருவோண நட்சத்திரம் இருக்கும் பக்கமாக டிஷ்ஷைத் திருப்பினால் மேட்டின் இடப்பக்கம், அதாவது அதிர்வெண் குறைந்த பக்கம், நீளுகிறது. அந்தத் திசையில் இருக்கும் வாயு நம்மைவிட்டு விலகிப் போகிறது என்று அர்த்தம். கணக்கு ரொம்ப எளிது. 4.7 கிலோஹெர்ட்ஸ் தள்ளினால் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம். 240 கிலோஹெர்ட்ஸ் தள்ளினால் நொடிக்கு 50 கிலோமீட்டர். பால்வீதிக்குச் சுருள் கைகள் இருப்பதை 1950களில் டச்சுக்காரர்களும் ஆஸ்திரேலியர்களும் இதே முறையில்தான் வரைந்து காட்டினார்கள். ஈசூனில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கேலக்சி சுற்றுவதை நாமே அளக்கிறோம். இதற்கு 219 வெள்ளி கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் பேரனுக்கு இந்த மேடு பிடிக்கவில்லை. அவனுக்குப் பச்சைத் தலைதான் வேண்டும். அது மென்பொருளில் இருக்கிறது. தனியாக ஒரு மீட்டர், 'தொடர்பு வாய்ப்பு' என்று பெயர். திரையில் எங்காவது ஒல்லியான கோடு ஒன்று தெரிந்தால் ஒரு சதவீதம் போட்டு, தலை பச்சையாக மின்னி, கூவென்று சத்தம் போடும். அன்றைக்கு வீட்டு வரவேற்பறையில் வைத்துச் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தோம்.

"தாத்தா, 91 பெர்சென்ட்! வந்துட்டாங்க!"

"இரு, யாருன்னு கேப்போம்" என்று ஆண்டெனா கேபிளைக் கழற்றினேன். அந்த இடத்தில் 50 ஓம் மூடி ஒன்றைத் திருகினேன். பட்டறையில் எங்களுக்கு இது தினசரி வேலை. கருவிக்கு வெளியுலகமே இல்லாமல் செய்துவிடும் மூடி. அப்புறமும் மீட்டர் 88 காட்டியது. ஆண்டெனாவே இல்லாமல் வேற்றுக்கிரகத்தோடு 88 சதவீதத் தொடர்பு. மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கியதும் கோடு மறைந்து, தலை சாம்பல் நிறமாகிவிட்டது. பேரனுக்கு அதுவும் பிடித்துப்போய், மறுபடி மறுபடி பிளக்கைச் செருகிப் பிடுங்கி ஏலியனை வரவழைத்து அனுப்பிக்கொண்டிருந்தான். என் மனைவி மைக்ரோவேவைப் போட்டால் வேறு ஒரு ஏலியன்.

இந்த மீட்டர்மேல்தான் என் கோபமெல்லாம். வேற்றுக்கிரகச் சிக்னல் தேடும் இந்தத் துறையில் நேர்மையாக வேலை செய்தவர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்திருந்தால்கூட இப்படி ஒன்றைச் செய்யத் தோன்றாது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998இலிருந்து விசித்திரமான துடிப்புகள் பதிவாகிக்கொண்டிருந்தன. பெரிட்டான் என்று பெயரே வைத்தார்கள். கடைசியில் 2015இல் கையும் களவுமாகப் பிடிபட்டது, அந்த வளாகத்து மைக்ரோவேவ் அடுப்பு. முடியும் முன்பே யாராவது பொறுமையில்லாமல் கதவைத் திறந்தால் 1.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு வெடிப்பு. 64 மீட்டர் டிஷ் வைத்திருப்பவர்களுக்கே சமையலறைத் தொல்லை. நமக்கு மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாம் சேர்த்து எத்தனை அடுப்பு!

அதே பார்க்ஸில் 2019இல் பிராக்சிமா சென்டாரி என்ற நட்சத்திரத்தின் பக்கம் பார்த்தபோது 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கோடு கிடைத்தது. டிஷ்ஷை நட்சத்திரத்திலிருந்து விலக்கினால் கோடு காணோம், திருப்பினால் இருக்கிறது. ஆசை காட்டுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் அவர்கள் சத்தம் போடவில்லை. தோண்டித் துருவி, அதே இடைவெளி விட்டு வேறு அதிர்வெண்களிலும் இதே மாதிரிக் கோடுகள் இருப்பதைக் கண்டு, மனிதக் கருவிகளின் குறுக்கீடுதான் என்று 2021இல் எழுதினார்கள். வானியலாளர் பிராங்க் டிரேக் 1960இல் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 26 மீட்டர் டிஷ் வைத்து, இதே 1420க்குப் பக்கத்தில், டாவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்களை முதன்முதலாகக் கேட்டபோதும் ஆரம்பத்திலேயே ஒரு சிக்னல் வந்து குதிக்க வைத்தது. வானத்தில் போன விமானம். இந்தத் தொழிலில் சிக்னல் பிடிப்பது சின்ன வேலை. அது நம்முடையது இல்லை என்று நிரூபிப்பதுதான் பெரிய வேலை. அந்தப் பெரிய வேலையை இந்தப் பெட்டி தொடவே இல்லை.

செய்யவும் முடியாது, அதுதான் விஷயம். உண்மையாக வானத்திலிருந்து வரும் ஒல்லியான சிக்னல், பூமி சுழல்வதால் அதிர்வெண்ணில் மெல்ல நகர வேண்டும். நம் பூமத்திய ரேகையில், இந்த அதிர்வெண்ணில், அந்த நகர்வு நொடிக்கு அதிகபட்சம் 0.16 ஹெர்ட்ஸ். டாங்கிளின் கடிகாரப் படிகமோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு துல்லியம். அதாவது 1,420 ஹெர்ட்ஸ் வரை பிசகலாம். சூடு ஏறினால் தானாகவே நகரும். டிஷ்ஷின் பார்வை அகலம் வேறு 15 பாகைக்கு மேல், முழுநிலவை 30 தடவை வரிசையாக வைக்கலாம். எந்த நட்சத்திரம் பேசியது என்று எதை வைத்துச் சொல்வது? டிரேக்கின் டிஷ் பரப்பில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. இதெல்லாம் பெட்டியின் குறை இல்லை. ஹைட்ரஜன் மேடு நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் அகலம் என்பதால் அதற்கு இந்தத் துல்லியம் ஏராளம். மேடு பார்க்கச் செய்த கருவியில் முள் தேடச் சொல்வதுதான் குறை.

1420ஐ ஏன் தேடுகிறார்கள் என்பதைக் கையேடு ஓரளவு ஒழுங்காகச் சொல்கிறது. இயற்பியலாளர்கள் கொக்கோனி, மாரிசன் இருவரும் 1959இல் எழுதிய வாதம்: வானத்தை ஆராயும் எந்த அறிவுக்கும் ஹைட்ரஜன் கோடு தெரிந்திருக்கும், எனவே சந்திக்கும் இடமாக அதையே எல்லோரும் நினைப்பார்கள். அழகான வாதம்தான். எனக்கு ஒரு சின்ன உறுத்தல். வானியல் கெடக் கூடாது என்பதற்காக 1400இலிருந்து 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலக நாடுகள் சேர்ந்து விதி போட்டிருக்கின்றன. நம்மை மாதிரியே அங்கேயும் புத்திசாலிகள் இருந்தால் அவர்களும் இதே விதியைப் போட்டு, வாயை மூடிக்கொண்டு, நாம் பேசுவோம் என்று காத்திருப்பார்களே? கல்யாண வீட்டில் யார் முதலில் சாப்பிட உட்காருவது என்கிற கதைதான்.

கையேட்டின் பிற்பகுதி படுமோசம். குவாண்டம் பின்னல் மூலம் ஏலியன்கள் ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கலாம் என்று ஒரு பக்கம். பின்னிய துகள்களில் ஒன்றை அளந்தால் மற்றதோடு ஒத்துப்போகும் என்பது சரி. ஆனால் அளப்பவர் என்ன விடை வரவேண்டும் என்று தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்க முடியாததை வைத்துச் செய்தி அனுப்பவும் முடியாது. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அச்சடித்த கையேட்டில் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. இன்னொரு பக்கத்தில், 1974இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து எம்13 நட்சத்திரக் கொத்துக்கு அனுப்பிய 1,679 பிட் செய்திக்குப் 'பதில் எப்போது வேண்டுமானாலும் வரலாம்' என்று இருக்கிறது. அந்தக் கொத்து ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு தூரம். செய்தி இப்போதுதான் ஐம்பது ஆண்டு தாண்டியிருக்கிறது. அனுப்பிய அரெசிபோ டிஷ்ஷே 2020இல் இடிந்து விழுந்துவிட்டது. 1977இல் ஒஹாயோவில் 72 நொடி கேட்டுவிட்டுத் திரும்ப வராத 'வாவ்' சிக்னலுக்கு நான்கு பக்கம், அது திரும்ப வரவே இல்லை என்பதற்கு அரை வரி.

வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்கத் தட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் வணக்கம் சொன்ன 55 மொழிகளையும் பட்டியல் போட்டிருக்கிறார்கள். காப்பிக்கடையில் அதை விரித்து நாலைந்து பேர் விரல் வைத்துத் தேடினோம். கன்னடம் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது, சிங்களம் இருக்கிறது. தமிழ் இல்லை. "அப்ப அவங்க எறங்கி வந்தாலும் பேச்சுவார்த்தைக்கு நம்மள கூப்பிட மாட்டாங்க, தேக்காவுல சாப்பாட்டுக்குத்தான் கூப்பிடுவாங்க" என்றார் ஒருவர். தேக்கா என்றால் இங்கே லிட்டில் இந்தியா. தே தாரே (இழுத்து ஆற்றிய பால் டீ) ஆறும்வரை சாப்பாட்டு மெனுவை முடிவு செய்தோம்.

விற்பவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்த மீட்டரை நிறுத்த வழி இருக்கிறதா என்று கேட்டேன். மரியாதையாகவே பதில் வந்தது: அடுத்த பதிப்பில் எச்சரிக்கை ஒலியை மாற்றிக்கொள்ளும் வசதி வரும். ஒலியைத்தான். கேபிள், இணைப்புப் படம் இரண்டைப் பற்றியும் பதிலில் ஒன்றும் இல்லை.

மதிப்பெண் போடச் சொன்னால், டாங்கிள், ஆம்ப், டிஷ் மூன்றுக்கும் ஐந்துக்கு நாலு. கேபிளுக்கு ஒன்று. கையேட்டுக்கும் மீட்டருக்கும் போட மனசில்லை. சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர்கள் மூன்றையும் தனித்தனியாக வாங்கினால் விலை குறையும், கேபிளும் நம் இஷ்டத்துக்கு வாங்கலாம். வானியல் ஆர்வலர்கள் இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றில் பச்சைத் தலை எதுவும் மின்னாது. பெட்டியாகவே வாங்குபவர்கள் ஆம்ப்பை டிஷ் பக்கம் மாற்றுங்கள், மடிக்கணினியை பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள், யூஎஸ்பி கேபிளில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டுங்கள், 50 ஓம் மூடி ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். மூடியும் வளையமும் சிம் லிம் டவரில் கிடைக்கும். கடைகள் பல ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை, சனிக்கிழமையே போய்விடுங்கள்.